விண்ணப்பம் போன தேதி எது?

கேள்வி: என் மகன் 2025 ஜனவரியில் கனடாவில் ஓர் அரசுக் கல்லூரியில் 2 வருட ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோ சேர்ந்தான். வயலை ஈடு வைத்துத்தான் கடன் வாங்கினோம். “படிப்பு முடிஞ்சா ஒர்க் பெர்மிட், அப்புறம் பி.ஆர். உறுதி” என்றார் நாகர்கோவில் ஏஜென்ட். ஒர்க் பெர்மிட்டே கிடைக்காது என்று கூடப் படிக்கும் பிள்ளைகள் சொல்வதாக, போன மார்கழித் தேரோட்டத்தன்று மகன் போனில் அழுதான். ஏஜென்ட் இப்போது போனை எடுப்பதில்லை. கேஸ் போடலாமா?
– பெயர் வேண்டாம், சுசீந்திரம்.

பதில்: போடலாம் அண்ணாச்சி. ஆனால் அதற்கு முன் ஒரு தேதி தெரிய வேண்டும். மகன் கல்லூரியில் சேர்ந்த தேதியல்ல, ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பம் போன தேதி.

2024 நவம்பர் 1-க்கு முன் விண்ணப்பம் போயிருந்தால் பாடப்பிரிவு தடையில்லை. மொழித் தேர்வு போதும். டிப்ளமோ மாணவருக்கு ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரலில் கேட்டல், எழுதுதல், பேசுதல் மூன்றிலும் 5, வாசிப்பில் 4 வேண்டும். சேர்க்கைக்கு எழுதிய அகாடமிக் தேர்வு இதற்குச் செல்லாது. பலர் இடறுவது இங்கேதான்.

நவம்பர் 1 அன்றோ அதன் பிறகோ போயிருந்தால், படிக்கும் பாடம் ஆள் பற்றாக்குறையுள்ள துறைகளின் பட்டியலில் இருக்க வேண்டும். மருத்துவம், கட்டுமானம், விவசாயம் போன்றவை அதில் உண்டு. ஹோட்டல் மேனேஜ்மென்ட் பொதுவாக இல்லை. இருந்தாலும் பாடத்தின் ஆறு இலக்க சி.ஐ.பி. எண்ணைக் கல்லூரியில் கேட்டுச் சரிபார்க்கட்டும். ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்த அன்றோ ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும் அன்றோ, ஏதாவது ஒரு நாளில் அந்த எண் பட்டியலில் இருந்தால் போதும்.

விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டு ஏஜென்ட் கையில் இருக்கும், நம்மூர் வழக்கம் அது. அவர் தராவிட்டாலும் மகன் தன் கோப்பின் நகலைக் கனடா அரசிடமே கேட்டு வாங்கலாம்.

பாடம் பட்டியலில் இல்லையென்றால், படிப்பு முடியும் முன்பே பட்டியலிலுள்ள பாடத்துக்கோ பட்டப்படிப்புக்கோ மாறுவதுதான் வழி. வேறு கல்லூரி என்றால் புது ஸ்டடி பெர்மிட் வேண்டும். செலவு இரட்டிக்கும், வயலை மறுபடி ஈடு வைக்கும் முன் யோசியுங்கள். தகுதி இருந்தால், படிப்பு முடிந்ததாகக் கல்லூரி எழுத்தில் தந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் ஒர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்த பெர்மிட் ஆயுளில் ஒரு முறைதான்.

பி.ஆரை யாராலும் உறுதி தர முடியாது. அனுபவ வகையில் விண்ணப்பிக்கவே, திறன் வேலையில் ஓராண்டு, அதாவது 1,560 மணி நேரம், சம்பளத்துக்கு உழைத்திருக்க வேண்டும். படிக்கும்போது பார்த்த வேலை கணக்கில் வராது. “பணம் கொடுத்தால் வேலைக் கடிதம் வாங்கி பி.ஆர். பாயின்ட் ஏற்றித் தருகிறேன்” என்று எவராவது வந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். வேலைக் கடிதத்துக்கான பாயின்டை 2025 மார்ச் 25-லேயே கனடா எடுத்துவிட்டது.

இனி ஏஜென்ட். விதி மாறப் போகிறது என்று கனடா அறிவித்தது 2024 செப்டம்பர் 18 அன்று. அதற்குப் பிறகும் உங்களிடம் பணம் வாங்கி இந்தப் பாடத்தில் சேர்த்து, விண்ணப்பமும் நவம்பர் 1-க்குப் பின் போயிருந்தால், சேவைக் குறைபாட்டுக்கு வலுவான அடிப்படை உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். கெடு 2 ஆண்டு. தேரோட்டத்தன்றுதான் தெரிந்தது என்று வாதிடலாம். ஆனால் பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. கெடு தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்துப் போட வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். போனில் உள்ளவற்றைத் தாக்கல் செய்ய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். போனை மாற்றிவிடவும் வேண்டாம்.

காவல்துறையில் மோசடிப் புகார் தருவதானால், தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். அது கடினம். நான் முதலில் நோட்டீஸும் நுகர்வோர் புகாரும்தான் போடுவேன். விண்ணப்பம் நவம்பர் 1-க்கு முன்பே போயிருந்தால், ஏஜென்ட் மீது சொல்ல அதிகம் இல்லை.

இன்று இரவே மகனிடம் அந்தத் தேதியைக் கேளுங்கள்.