கரிசலிலிருந்து தெற்கு சூடானுக்கு: புறப்படும் தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

நேற்று ராத்திரி பத்து மணிக்குச் சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, செலக்ட் ஆயிட்டேன். தெற்கு சூடான். ஆறு மாசம்." சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம், குரல் அப்படி நடுங்கியது. மதுரையில் குழந்தைகள் வார்டில் ஐந்து வருஷம் வேலை பார்த்தவள். வேலை தெரியும், ஊசி போடுகிற கை சுத்தமான கை. ஆனால் வார்டு வேறு, அங்கே இருக்கிற கூடாரம் வேறு. நானும் இதே பாதையில் போய் வந்தவள் என்பதால் ஒன்றரை மணி நேரம் பேசினேன். அவளுக்குச் சொன்னதை, இப்படிப் போக நினைக்கிற எல்லாத் தங்கைகளுக்கும் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். சேவை செய்யப் போகிறோம் என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. அங்கே ஏற்கெனவே திணறிக்கொண்டு இருக்கிறவர்களுக்கு நீ இன்னொரு சுமையாகிவிடக் கூடாது. கீழே சொல்வது எல்லாமே அதற்காகத்தான்.

அழைப்பது யார் என்று பார்

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, எம்.எஸ்.எஃப். என்று சொல்கிறோமே, 1971-இல் பாரிஸில் தொடங்கியது. 1999-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. இது போன்ற அமைப்புகள் படித்து முடித்த கையோடு யாரையும் எடுப்பதில்லை. குறைந்தது இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள். எடுத்துக்கொண்டால் டிக்கெட், காப்பீடு, தங்கும் இடம், மாதாமாதம் ஒரு தொகை என்று எல்லாம் அவர்கள் பொறுப்பு. உன்னிடம் ஒரு ரூபாய் கேட்க மாட்டார்கள். "வெளிநாட்டு மருத்துவ சேவை" என்று சொல்லி முன்பணம் கேட்கிற ஏஜென்ட் யாராக இருந்தாலும் நம்பாதே. என் தோழி ஒருத்தி நகையை அடகு வைத்துக் கட்டினாள், பணமும் போனது, ஒரு வருஷமும் போனது.

ஊசி, பல், உடம்பு

தேதி உறுதியானதும் முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இதை எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், தெற்கே தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம். போகும் முன் போனில் நாளைக் கேட்டுக்கொள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், ஆனால் போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும். அந்தச் சான்றிதழ் இருக்கிற மஞ்சள் புத்தகம் போகும்போது மட்டும் வேண்டியது என்று நினைக்காதே. திரும்பி வரும்போது அது கையில் இல்லை என்றால் நம் ஊர் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டம் இருக்கிறது. பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே செருகி வை.

ஹெபடைடிஸ் பி மூன்று டோஸும் போட்டாயிற்று என்று நர்ஸ்கள் எல்லோரும் சொல்வோம். ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று ரத்தத்தைக் கொடுத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பார்த்துவிட்டுப் போ. டைபாய்டு, மூளைக்காய்ச்சல், வெறிநாய்க்கடி, டெட்டனஸ், போலியோ பூஸ்டர் எல்லாம் பட்டியலில் வரும். ஒரே வாரத்தில் முடிகிற வேலை இல்லை. இரண்டு மாதம் கையில் வைத்துக்கொள்.

மலேரியாத் தடுப்பு மாத்திரை பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின்தான் தருவார்கள். தினமும் ஒன்று, சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் தண்ணீரோடு. விழுங்கியதும் படுக்காதே, உணவுக்குழாய் புண்ணாகிவிடும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், முழுக்கை போட்டுக்கொள். ஊருக்கு வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும்.

பல்லை மறந்துவிடாதே. நான் மறந்தேன். கடைவாய்ப் பல்லில் லேசான கூச்சம்தானே என்று புறப்பட்டேன், இரண்டாம் மாதம் முகமே வீங்கிவிட்டது. பல் டாக்டர் இருக்கிற ஊர் விமானத் தொலைவில் இருந்தது. எனக்காக ஒரு சீட், எனக்காக நான்கு நாள். அந்த நான்கு நாளும் என் ஷிப்டை ஏற்கெனவே களைத்துப் போயிருந்த இன்னொருத்தி பார்த்தாள். அடைக்க வேண்டியதை அடைத்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிட்டுப் போ.

கை வேலை

இதைத்தான் அவளிடம் அதிக நேரம் சொன்னேன். நம் வார்டில் மானிட்டர் கூப்பிடும், பம்ப் சொட்டை எண்ணும். அங்கே கரண்ட் ஜெனரேட்டரை நம்பி இருக்கும். அதனால் புறப்படும் வரை ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு மணி நேரமாவது இயந்திரத்தைப் பார்க்காமல் வேலை செய்து பழகு. நொடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள். குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40, இதைத் தொட்டால் வேக மூச்சு. சாதாரண ட்ரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி, மைக்ரோ செட்டில் 60. மணிக்கு 100 மில்லி போக வேண்டும் என்றால் சாதாரண செட்டில் நிமிடத்துக்கு 33 சொட்டு. இந்தக் கணக்கு தூக்கத்திலும் வர வேண்டும்.

அடுத்தது சத்துக்குறைவு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தையின் மேல்கைச் சுற்றளவை ஒரு நாடாவால் அளப்பார்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நாடாவில் சிவப்பு, கடுமையான சத்துக்குறைவு. எலும்பும் தோலுமாக, கண் குழிந்து, வயிற்றுப்போக்கோடு ஒரு குழந்தை வருகிறது என்று வை. நம் கை தானாக எதைத் தேடும்? ட்ரிப் பாட்டிலை. பிள்ளை துவண்டு கிடந்தால் குளுகோஸ் ஏற்று என்பது நம் ஊர்ப் பழக்கம், தாய்மாரும் அதைத்தான் கேட்பார்கள். அங்கே அந்தப் பழக்கம் பிள்ளையைக் கொன்றுவிடும். அந்த உடம்பில் இதயமும் வற்றிப் போயிருக்கிறது. நரம்பு வழியாக வேகமாகப் போகிற நீரை அது தாங்காது. அதிர்ச்சி நிலையில் இல்லாத பிள்ளைக்கு வாய் வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோதான் நீர் கொடுக்க வேண்டும். ரீசோமால் என்ற தனிக் கரைசல், கிலோவுக்கு 5 மில்லி, அரை மணிக்கு ஒரு தடவை, முதல் இரண்டு மணி நேரம். அப்போதும் கண்ணை எடுக்காதே. மூச்சு நிமிடத்துக்கு 5 கூடி, நாடி 25 கூடினால் நீர் அதிகமாகிறது என்று பொருள், உடனே நிறுத்து. ஆனால் காலரா என்றால் ரீசோமால் கூடாது, வழக்கமான ஓ.ஆர்.எஸ்.தான். இந்த வித்தியாசம் முக்கியம், எழுதி ஒட்டி வை.

சாப்பாடும் அப்படித்தான். பசித்த பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுக்கத்தான் மனசு அடித்துக்கொள்ளும். முதல் நாட்களில் எஃப்-75 என்ற பால், 100 மில்லிக்கு 75 கலோரி மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. பிள்ளை தேறி, பசி திரும்பிய பிறகுதான் எஃப்-100 பாலோ, கடலை விழுதுப் பாக்கெட்டோ. 92 கிராம் பாக்கெட் ஒன்றில் 500 கலோரி இருக்கிறது. அவசரப்பட்டு அதை முதல் நாளே கொடுத்தால் தாங்காது. அன்பையே அளந்து ஊட்டுகிற மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அற்பமாக நினைக்காதே. 1971-இல் வங்கதேசப் போரில் அகதிகள் மேற்கு வங்கத்துப் பங்கானுக்கு வந்து குவிந்தபோது காலரா பரவியது, சலைன் பாட்டில் தீர்ந்துபோனது. திலீப் மகலநாபிஸ் என்ற கல்கத்தா டாக்டர் உப்பும் சோடாவும் குளுகோஸும் கலந்து டிரம்மில் கரைத்து வைத்து, உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அவர் 2022-இல் இறந்தார், அடுத்த வருஷம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆதங்கம் உண்டு.

இன்னொன்று, பாம்புக்கடி. "அக்கா, நம்ம ஊர் விஷமுறிவு மருந்து ரெண்டு குப்பி எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம். நம் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தை வைத்துச் செய்தது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர்கள் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்தி எடுத்துக் கொடுக்கிற விஷம் அதற்குத்தான் போகிறது. ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கு அது வேலை செய்யாது. ஆப்பிரிக்காவுக்கென்றே இருந்த ஒரு நல்ல மருந்தை, லாபம் இல்லை என்று ஒரு பெரிய மருந்துக் கம்பெனி 2014-இல் நிறுத்திவிட்டது. அங்கே என்ன மருந்து இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று போன முதல் நாளே கேட்டு வை.

பெட்டி

தலைநகர் ஜூபா வரை பெரிய விமானம். அதற்கு மேல் சின்ன விமானம், அதில் ஏறும்போது பெட்டியை நிறுப்பார்கள், சில சமயம் ஆளையும் நிறுப்பார்கள். எத்தனை கிலோ என்று முன்பே கேட்டுக்கொள். துணிப்பை நல்லது, சக்கரம் வைத்த பெட்டி அங்கே உருளாது. ஏனென்றால் மண் கரிசல். கோவில்பட்டிப் பக்கம் பிறந்த எனக்கு இறங்கியதுமே அந்த மண் தெரிந்துவிட்டது, கோடையில் வெடிப்பு, மழையில் பசை. மழைக்காலத்தில் ஓடுபாதையே சேறாகி விமானம் இறங்காது. முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் கட்டாயம்.

தலையில் கட்டுகிற டார்ச், ஆறு மாதத்துக்கு நாப்கின், பருத்திச் சுடிதார் நான்கு, நாலைந்து பாக்கெட் ஓ.ஆர்.எஸ். ராணுவப் பச்சை, படையாள் உடை மாதிரித் திட்டுத்திட்டான டிசைன் எதுவும் வேண்டாம், உன்னைப் படையாள் என்று நினைத்துவிடக் கூடாது. டாலர் நோட்டு 2009-க்குப் பிறகு அச்சிட்டதாக, மடிப்பும் கறையும் இல்லாததாகப் பார்த்து வாங்கு.

சித்தி கட்டிக் கொடுக்கிற மசாலாவை ஒரு தடவை பிரித்துப் பார். துபாய் வழியாகப் போனால் கசகசா ஒரு சிட்டிகைகூட இருக்கக் கூடாது, அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. குருமாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் சிக்கல்தான். கோடீன் இருமல் மருந்து, டிரமடால் மாத்திரையும் அப்படியே. ஊறுகாய், பருப்புப் பொடி போதும். அங்கே கிஸ்ரா என்று சோள மாவைப் புளிக்க வைத்து மெல்லியதாகச் சுடுவார்கள், வெண்டைக்காய்க் குழம்போடு தருவார்கள். நம் தோசைக்குப் பழகிய நாக்குக்கு அது இறங்கிவிடும்.

வீட்டில் சொல்ல வேண்டியது

புறப்படும் முன் ஒரு படிவம் கொடுப்பார்கள். உனக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்விகளை எழுதச் சொல்வார்கள். உன்னை யாராவது கடத்திப் போனால், நீ உயிரோடுதான் இருக்கிறாய் என்று உறுதி செய்ய அது வேண்டும். அதை நிரப்பும்போது கை நடுங்கும். நிரப்பு. சித்தியிடம் எதையும் மறைக்காதே என்று அவளிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி என்றால் யாரும் தொட மாட்டார்கள் என்பது உண்மை இல்லை. 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் எம்.எஸ்.எஃப். மருத்துவமனையின் மேல் அமெரிக்க விமானம் தாக்கியதில் 42 பேர் இறந்தார்கள். இதெல்லாம் தெரிந்துதான் போகிறேன் என்று நீயே சொன்னால்தான் வீடு உன்னோடு நிற்கும். பேங்க் கணக்குக்கு நாமினி, இன்சூரன்ஸ் பேப்பர், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற பட்டியல், எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடு. வாரத்துக்கு ஒரு நாள்தான் பேசுவேன் என்று முன்பே சொல்லிவிடு. நெட் கிடைக்காத ஒரு நாளில் சித்தி பட்டினி கிடக்கக் கூடாது.

அங்கே போனதும்

அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள்தான். நீ ஆறு மாதத்தில் வந்துவிடுவாய், அவர்கள் அங்கேயே இருப்பார்கள். சிலர் தாங்களே இடம்பெயர்ந்தவர்கள் முகாமில் குடியிருந்துகொண்டு வேலைக்கு வருவார்கள். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதே. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேள், பதிலை முழுதாகக் கேள். ஜூபா அரபியில் நாலு சொல்லாவது பழகு. மோயா தண்ணீர், வஜா வலி, மாஃபி இல்லை, சுக்ரன் நன்றி. ஒரு தாயிடம் உன் வாயால் "வஜா?" என்று கேட்டுப் பார், அவள் முகம் மாறும்.

காயப்பட்டு வருகிறவன் எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்காதே, அதைப் பற்றிப் பேசவும் பேசாதே. விமான நிலையத்தையும் பாலத்தையும் போட்டோ எடுக்காதே. நோயாளிப் பிள்ளையை மடியில் வைத்து செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் போடாதே, நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் விடுவோமா?

பிள்ளைகள் சாவார்கள். ஒரே ராத்திரியில் இரண்டு, மூன்று கூட. அழு, யாரிடமாவது பேசு, நிறுவனத்தில் அதற்கென்று ஆள் இருக்கிறார்கள், கூச்சப்படாமல் கூப்பிடு. ஆனால் நல்லதும் பார்ப்பாய். தெற்கு சூடானின் பென்டியு முகாமில் கர்ப்பிணிகளைக் கொல்லுகிற ஹெபடைடிஸ் இ-க்கு எதிராக 2022-இல் தடுப்பூசி போட்டார்கள். தொற்று பரவிக்கொண்டிருந்த ஓர் இடத்தில் அந்த ஊசியை ஊரெல்லாம் திரட்டிப் போட்டது உலகத்தில் அதுதான் முதல் தடவை. தார்ப்பாய்க் கொட்டகையில் இருந்துகொண்டு செய்த வேலை அது.

திரும்பி வந்ததும் நன்றாகத் தூங்கு, ஆனால் உடம்பைக் கவனி. ஒரு வருஷத்துக்குள், அதிலும் முதல் மூன்று மாதத்துக்குள், எந்தக் காய்ச்சல் வந்தாலும் வைரல் என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிடாதே. அன்றைக்கே போய், "நான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவள், மலேரியா பாருங்கள்" என்று நீயாகவே டாக்டரிடம் சொல். அங்கே பரவுவது ஃபால்சிபாரம் வகை, ஒரே நாள் தாமதத்தில் மூளைக்கு ஏறிவிடலாம்.