பருத்த சரீரமும் குத்துச்சண்டைப் பயிற்சியும்

நாற்பதை நெருங்கிய பருவத்தில், வயிறு முன்தள்ளி, இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலையில், எப்படியாவது குத்துச்சண்டை பழகிவிட வேண்டும் என்ற ஆசையோடு பயிற்சிக்கூடத்தின் வாசலில் வந்து நிற்கும் மனிதர்களை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். வடசென்னையில் இந்த ஆசை பிறப்பதற்கு விசேஷக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. சார்பட்டா என்றும் இடியப்ப நாயக்கர் என்றும் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் பெயர் சொல்லி வீரர்கள் மேடை ஏறிய மண் அது; தாத்தா பார்த்த ஆட்டத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அப்படி வருகிறவர் முதல் நாள் உற்சாகமாகக் கயிறு தாண்டுகிறார்; மறுநாள் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார்; மூன்றாம் வாரம் நொண்டிக்கொண்டு வருகிறார்; நான்காம் வாரம் வருவதே இல்லை. வழியில் கண்டு விசாரித்தால், "மூச்சு போதவில்லை ஐயா, வயதாகிவிட்டது" என்கிறார். அவரைத் தோற்கடித்தது மூச்சு அன்று. கணைக்காலும் குதிகாலும் முழங்காலுமே அவரைத் தோற்கடித்தன. இதை முன்கூட்டி அவருக்கு எடுத்துச் சொல்வார் இல்லாமற் போனார்களே என்ற வருத்தமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதற் காரியம் வைத்தியரைப் பார்ப்பது. இரத்த அழுத்தம், சர்க்கரை, ஒரு ஈ.சி.ஜி. ஆகிய மூன்றும் பார்த்தாக வேண்டும். நடக்கையில் மார்பில் இறுக்கமோ தலைசுற்றலோ உள்ளவர் வைத்தியர் அனுமதி தரும்வரை வேறெதையும் தொடங்கலாகாது. இரத்த அழுத்தத்துக்காக உட்கொள்ளும் மாத்திரைகளில் சில இருதயத் துடிப்பை ஏறவிடாமல் கட்டுப்படுத்துவன. ஆதலால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி உழைப்பை அளப்பது அவர்களுக்குப் பொருந்தாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர் பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். கால்களைப் பற்றியே நான் அதிகம் சொல்லப்போகிறேன். பொறுமையோடு கேட்க வேண்டும்.

தேகாப்பியாசம் தொடங்கியவனுக்கு மூச்சு விரைவில் பழகிவிடுகிறது. மூன்று வாரத்தில் மாடிப்படி இலேசாகிவிடும். தசைகளும் இரத்த ஓட்டம் மிகுந்தவையாதலால் சில வாரங்களிலேயே வலுப்பெறுகின்றன. ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு இரத்தம் குறைவு. அவை உறுதிப்பட மாதங்கள் ஆகும். எலும்பின் விவகாரமோ இதனினும் நுட்பமானது. புதிய சுமை விழத் தொடங்கியதும் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்து நீக்கி, அதன் பிறகே அவ்விடத்தில் புதியதைக் கட்டத் தொடங்குகிறது. கரைத்தல் முடிந்து கட்டுதல் நிறைவேறாத அந்த இடைக்காலத்தில் அது முன்பு இருந்ததைக் காட்டிலும் மெலிந்தே இருக்கிறது. மூச்சு நன்றாகிவிட்டதே என்று மனிதன் துணிவு கொண்டு இரட்டிப்பாக உழைக்கும் மூன்றாம், நான்காம் வாரமும், எலும்பு மெலிந்திருக்கும் காலமும் ஒன்றாக வந்து பொருந்துவதுதான் இதிலுள்ள ஆபத்து. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் விழுகிறது என்பதை நினைத்தால், 60 கிலோ வாலிபனுக்கு ஏற்ற பயிற்சி 100 கிலோ மனிதருக்கு ஏன் ஏற்காது என்பது விளங்கும்.

நான் 36 வயதில், 98 கிலோ எடையோடு தொடங்கியபோது இதை அறியாமல் தினந்தோறும் கயிறு தாண்டினேன். 24-ஆம் நாள் கணைக்கால் எலும்பின் உட்புறத்தில் ஒரு வலி கண்டது; அதை வைராக்கியத்தோடு சகித்துக்கொள்வதே வீரம் என்று எண்ணி மேலும் பத்து நாள் ஆடினேன்; அதன் பலனாக நான்கு மாதங்களை இழந்தேன். அந்த நான்கு மாதங்களைப் பிறர் இழக்க வேண்டாம்.

ஆகையால் முதல் எட்டு வாரங்களுக்குக் கயிறும் கிடையாது, ஓட்டமும் கிடையாது. நடை மட்டுமே. நாள்தோறும் 20 நிமிஷத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிஷமாக ஏற்றி, 45 நிமிஷம்வரை கொண்டுபோக வேண்டும். வேகத்துக்கு அளவு யாதெனில், பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. இதற்கு மிஞ்சிய கருவி எதுவும் எனக்குத் தெரியாது. கடற்கரைக்குப் போகிறவர்கள் மணலில் இறங்காமல் நடைபாதையிலேயே நடக்க வேண்டும். உலர்ந்த மணல் மெத்தென்று இருப்பதனால் காலுக்கு இதமானது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அதில் குதிகால் ஆழப் புதைவதால் கெண்டைக்காலும் அதன் தசைநாணும் ஒவ்வோர் அடியிலும் இழுபடுகின்றன. அலையோரத்து ஈரமணலோ சரிவானது. ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே நடக்கும்.

நடையோடு சேர்த்து, ஒருநாள் விட்டு ஒருநாள், கால்களுக்கென்று மூன்று அப்பியாசங்கள் செய்ய வேண்டும். முதலாவது, மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மூன்று எண்ணும்வரை மெதுவாகக் குதிகாலை உயர்த்தி, மூன்று எண்ணும்வரை மெதுவாகத் தாழ்த்துவது. பன்னிரண்டு முறையில் தொடங்கி, பழகப் பழக இரு காலிலிருந்து ஒற்றைக் காலுக்கு மாற வேண்டும். இரண்டாவது, சுவரில் முதுகு சாய்த்து, பாதங்களை ஓரடி முன்னே வைத்து, குதிகால் தரையில் இருக்க விரல்களை மட்டும் மேலே தூக்குவது. கணைக்காலின் முன்புறத் தசை எரியும்வரை செய்யலாம். மூன்றாவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. இவற்றில் எவரும் சலிப்புற்று விட்டுவிடுவது முதலாவதைத்தான். எல்லாவற்றிலும் பிரதானமானதும் அதுவே. ஏனோதானோவென்று வேகமாகச் செய்த ஐம்பதைக் காட்டிலும் நிதானமாகச் செய்த பத்து மேலானது. பல் துலக்கும் நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்பதையும் நான் யாவருக்கும் விதியாகவே சொல்லிவருகிறேன்.

கயிற்றை எடுப்பதற்கு என்னிடம் ஒரே ஒரு பரீட்சை உண்டு: ஒற்றைக் காலில், நான் சொன்ன நிதானத்தில், குதிகாலை 20 முறை உயர்த்த வேண்டும், இரு காலிலும் அது தவறாமல் முடிய வேண்டும். எட்டு வாரத்தில் முடியாதவருக்குப் பன்னிரண்டு வாரத்தில் முடியும். தேதி பார்த்துக் கயிறு எடுக்கலாகாது. காலைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

கயிற்றின் நடுவை மிதித்துக்கொண்டு நின்றால் இரு பிடிகளும் அக்குள்வரை வர வேண்டும். அதுவே சரியான நீளம். சிமென்டுத் தரையைத் தவிர்த்து, மரத்தளத்திலோ ரப்பர் விரிப்பிலோ தாண்ட வேண்டும். முதல் வாரம் 20 விநாடி தாண்டி, 40 விநாடி ஓய்ந்து, இப்படி எட்டு முறை. அதுவும் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். தரையிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேல் எழும்புவது வீண். சினிமாவில் கண்டதுபோல் முழங்காலை உயர்த்தித் தாண்ட முயல்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்க முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் அத்தனை உயரத்திலிருந்து அத்தனை எடையும் இறங்குகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

வலியை இனம் பிரித்து அறியும் வித்தையும் இங்கேயே கற்றுக்கொள்ள வேண்டும். கெண்டைக்கால் முழுவதும் பரவலாகக் கனத்து வலித்தால் அது தசையின் சோர்வு, இரண்டு நாளில் தணிந்துவிடும், அஞ்ச வேண்டாம். ஆனால் எலும்பின்மேல் ஒரு விரல் நுனியை வைத்து "இங்கேதான்" என்று காட்டக்கூடிய வலி வந்தால் அன்றே தாண்டுவதை நிறுத்திவிட வேண்டும்; ஓய்வாக இருக்கும்போதும் அது வலித்தால் வைத்தியரிடம் போக வேண்டும். காலையில் படுக்கையைவிட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலின் அடியில் முள் குத்துவதுபோல் இருந்தால், பாதத்தின் அடிச்சவ்வு எச்சரிக்கிறது என்று பொருள். அந்த வாரம் கயிற்றைப் பாதியாகக் குறைத்து, வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடவாமல் செருப்பு அணிய வேண்டும்.

கால்கள் இவ்வாறு தயாராகிக்கொண்டிருக்கும் காலத்தில் குத்துச்சண்டையைத் தள்ளிவைக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதே இல்லை. "முதலில் இளைத்துவிட்டு வா" என்று சொல்லும் உபதேசத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை; இளைப்பதற்கு முன்பே மனிதனுக்கு ஆசை இளைத்துவிடும். குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மன் பத்தாண்டு ஓய்வுக்குப் பிறகு 1987-இல் மேடைக்குத் திரும்பியபோது அவர் எடை 267 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 121 கிலோ. 1994-இல், தம் 45-ஆம் வயதில், மைக்கேல் மூரரைப் பத்தாவது சுற்றில் வீழ்த்தி உலகப் பட்டத்தை மீட்டபோதும் அவர் 250 பவுண்டு இருந்தார். அவர் பிறவி வீரர், நாம் அல்லோம் என்பது உண்மைதான். ஆயினும் கனத்த உடல் குத்துச்சண்டையின் நுட்பத்தைக் கற்பதற்குத் தடையன்று என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.

முதல் வாரத்திலிருந்தே கண்ணாடியின் முன் நின்று நிலையைப் பழகலாம். வலக்கையர் இடக்காலை முன்வைத்து, வலக்குதிகாலைச் சற்றே தூக்கி, முழங்கால்களை இளக்கி, மோவாயைத் தாழ்த்தி, இரு கைகளையும் கன்னத்தோடு வைத்து நிற்க வேண்டும். பருத்தவர்கள் இயல்பாகவே எடையைக் குதிகாலில் சாய்த்து, மார்பை நேரே காட்டி நிற்பார்கள். அதை நாள்தோறும் திருத்திக்கொள்ள வேண்டும். இடக்கை நேர்க்குத்து ஒன்றை மட்டும் ஒரு மாதம் பழகினால் போதும். ஒவ்வொரு குத்துக்கும் வாயிலிருந்து "ஸ்" என்று சிறு ஒலியோடு மூச்சு வெளியேற வேண்டும்; குத்தும்போது சுவாசத்தை அடக்கிக்கொள்பவர் அரை நிமிஷத்தில் களைத்துவிட்டு, தமக்கு மூச்சுப் பலம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். சுற்றுக்கு மூன்று நிமிஷம், இடையே ஒரு நிமிஷம் என்பது 1867-இல் குவீன்ஸ்பெரி விதிகள் வெளிவந்த காலத்திலிருந்து வரும் கணக்கு. தொடக்கக்காரர் ஒரு நிமிஷ ஆட்டம், ஒரு நிமிஷ ஓய்வு என்று ஆறு சுற்றில் தொடங்கி, மூன்று மாதத்தில் அந்த அளவை எட்டலாம்.

தொங்கும் மூட்டையைக் குத்தப் போகும்போது மணிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய உடலின் கனமெல்லாம் சிறிய மணிக்கட்டின் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. ஆகவே 180 அங்குலப் பட்டைத்துணியை, கூடங்களில் பேண்டேஜ் என்று சொல்வதை, மணிக்கட்டில் நான்கு சுற்றுக்குக் குறையாமல் சுற்றிய பிறகே கிளவுஸ் அணிய வேண்டும். 80 கிலோவுக்கு மேற்பட்டவர் 16 அவுன்ஸ் கிளவுஸ் வாங்குவது நலம். இரவல் கிளவுஸ் கூடாது. முதல் மாதம் பாதிப் பலத்துக்கு மேல் குத்தக் கூடாது; ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தொடங்கும் முட்டிகள் இரண்டும்தான் மூட்டையில் பட வேண்டும்.

ஆகாரத்தில் பட்டினி உதவாது. தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காய்கறியும், முட்டையோ மீனோ சுண்டலோ வைத்துக்கொண்டு, இரவுப் பரோட்டாவையும் தேநீரின் சர்க்கரையையும் விட்டாலே வாரத்துக்கு அரைக் கிலோ குறையும். அதற்கு மேல் அவசரப்படுவது பலத்தையும் சேர்த்துக் கரைக்கும். பிளாஸ்டிக் உடுப்பு மாட்டிக்கொண்டு வேர்த்து ஒழுகுவோரைப் பார்த்து எவரும் ஏமாற வேண்டாம்; குறைவது தண்ணீர், கொழுப்பன்று. நம் ஊர் வெயிலில் அது உயிருக்கே அபாயம். விடியற்காலையில் பயிற்சியை முடித்துக்கொண்டு, உப்பிட்ட மோர் அருந்தலாம்.

ஒருவரோடு ஒருவர் எதிர்நின்று குத்தும் ஸ்பாரிங்குக்கு ஆறு மாதம் ஆவதற்குள் இறங்க வேண்டாம். தலைக்கவசம் தோல் கிழிவதைத் தடுக்கும்; மூளை குலுங்குவதைத் தடுக்காது. பல்லுறை இல்லாமல் விளையாட்டாகக்கூட எதிர்நிற்கலாகாது. இறங்க விருப்பமில்லாதவர் வாழ்நாள் முழுவதும் மூட்டையோடும் நிழலோடும் ஆடினாலும் அது குத்துச்சண்டைப் பயிற்சியே.

கூடத்தில் சேரும் நாளில், வாத்தியாரிடம் தனியே போய் வயது, எடை, முழங்காலின் நிலை, உட்கொள்ளும் மாத்திரை ஆகிய எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். "மற்றப் பிள்ளைகள் கயிறு தாண்டும் நேரத்தில் நான் ஓரமாக நின்று குதிகால் உயர்த்திக்கொள்கிறேன், வாத்தியாரே" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு இணங்குகிற வாத்தியாரிடம் பயிற்சியைத் தொடங்கலாம்; வரிசையோடு தாண்டியே தீர வேண்டும் என்பவராயின், சந்தாப் பணம் கட்டாமல் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கூடத்தைப் பார்க்கலாம்.