ஐப்பசியில் வீடு பாருங்கள், தையில் குடி போங்கள்

செங்கல்பட்டு வட்டாரத்திலோ மாமல்லபுரம் கடலோரத்திலோ வாடகைக்கு வீடு தேடுகிறவர்களும், மனைக்கு முன்பணம் கொடுக்கக் காத்திருப்பவர்களும் இந்த இரண்டு மாதத்தை விட்டுவிடாதீர்கள். ஐப்பசி பிறந்தாயிற்று. மழை விடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு தெருவில் இறங்குங்கள். மழை நின்ற மறுநாள் காலையில் அதே தெருவுக்கு இன்னொரு தரம் போங்கள். கார்த்திகை முடிய இப்படி அலையுங்கள். மார்கழியில் நம் பக்கம் யாரும் குடி மாறுவதில்லை. அந்த முப்பது நாளைப் பத்திரம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். தை பிறந்ததும் பால் காய்ச்சலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஓர் ஆனி மாதத்தில், ஏரிக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்ட ஒரு நகரில் வீடு பார்த்தேன். சாயங்காலக் காற்று அப்படி வீசியது. வாசலில் வேப்பமரம், கிணற்றில் தெளிந்த தண்ணீர். "ஒரு சொட்டு நிக்காது சார்" என்றார் தரகர். கார்த்திகையில் ஒரு விடிகாலை கட்டிலிலிருந்து காலை இறக்கினால் முழங்கால் வரை தண்ணீர். அரிசி மூட்டை, பிள்ளைகளின் புத்தகங்கள், கல்யாண ஆல்பம் எல்லாம் போயின. எதிர் வீட்டுப் பாட்டி மொட்டைமாடியிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்: "வருஷா வருஷம் வர்ற தண்ணிதானே தம்பி, உங்களுக்கு யாரும் சொல்லலையா?" அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான்தான் யாரையும் கேட்கவில்லை.

அதனால் கேளுங்கள். "தண்ணி வருமா?" என்று கேட்டால் "அதெல்லாம் வராது" என்றுதான் பதில் வரும். "2015 டிசம்பர்ல தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். பால் போடுகிறவர், இஸ்திரி வண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர் ஆகியோருக்கு உங்கள் வாடகையில் பங்கு கிடையாது. கையை நீட்டி, இந்தச் சுவரில் இவ்வளவு உயரம் என்று காட்டுவார்கள். 2015, 2021, 2023 என்று மூன்று ஆண்டுகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். 2015 டிசம்பர் 1-2இல் ஒரே நாளில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அது நூற்றாண்டுக்கு ஒருமுறை வருவது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஆனால் 2020 நவம்பரில் நிவர், 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் என்று வரிசையாக எண்ணிப் பாருங்கள். அத்தனையும் கார்த்திகை மாதத்தில் வந்தவை. ஐப்பசி மழை மண்ணை ஊற வைத்து ஏரிகளை நிரப்பிவிடுகிறது. கார்த்திகை மழைக்கு இறங்க இடமில்லாமல் தெருவுக்கு வருகிறது. ஐப்பசியில் ஒரு தெரு உலர்ந்திருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அதே தெருவைக் கார்த்திகையிலும் பார்த்த பிறகு பேசுங்கள்.

இந்த மாவட்டம் ஏரிகளால் ஆனது. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து கீழ் ஏரிக்குப் போகும்; அது நிரம்பினால் அதற்கும் கீழே. நடுவில் ஓடும் போக்குக் கால்வாய் கோடையில் புதர் மண்டிய பள்ளமாகத்தான் தெரியும். அதன்மேல் ஒரு சிமெண்ட் பலகையைப் போட்டு, அதையே நகருக்கு வழியாக்கிவிடுவார்கள். மழை நாளில் நடந்தால் அந்தப் பள்ளம் எதுவென்று தண்ணீரே காட்டிக்கொடுக்கும். காலி மனைகளில் என்ன முளைத்திருக்கிறது என்றும் கவனியுங்கள். சம்பும் கோரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் செழித்திருந்தால், அங்கே மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கிறது. எருக்கும் ஆவாரையும் இருந்தால் கொஞ்சம் தைரியமாகக் கால் வைக்கலாம்.

ஊர்ப் பெயரையும் படியுங்கள். செங்கல்பட்டிலேயே அனுமந்தபுத்தேரி இருக்கிறது. புத்தேரி என்றால் புது ஏரி. தாங்கல் என்று முடிந்தால் சிறிய ஏரி. மேடு, நத்தம் என்றால் நம் முன்னோர் வீடு கட்டத் தேர்ந்த இடம். ஏரியும் வயலும் போக, எந்த மழைக்கும் நனையாத திட்டைத்தான் அவர்கள் நத்தமாக வைத்துக்கொண்டார்கள். செங்கல்பட்டில் பெரிய நத்தம் பக்கம் ஓட்டு வீட்டின் மாடிப் போர்ஷன் கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். சந்து குறுகல், கார் நிறுத்த இடமிராது, குளியலறை பழையதாக இருக்கும். ஆனால் அடைமழை இரவில் தூங்கலாம். பளபளவென்று டைல்ஸ் போட்ட புது வீட்டில் விடிய விடிய விழித்திருந்தவன் சொல்கிறேன்.

செங்கல்பட்டு ஊருக்குள் என் கணக்கு இதுதான். ரயிலடிக்கும் பழைய பேருந்து நிலையத்துக்கும் நடந்து போகும் தூரத்தில், வேதாசலம் நகர் மாதிரிப் பழைய தெருக்களில் வாடகை சற்று கூடுதலானாலும் தகும். கடற்கரை வரை போகும் மின்சார ரயில் இங்கிருந்து கிளம்புகிறது. உட்கார இடம் கிடைக்கும். 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது. வயதான பெற்றோர் இருக்கும் வீட்டுக்கு இது ஒன்றே போதும். கொளவாய் ஏரியின் அழகுக்காகக் கரையோரம் வீடு கேட்காதீர்கள். ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தே அந்த ஏரியின்மேல் ஆசை வரும், எனக்கும் உண்டு. அதைப் பார்க்கப் போங்கள். அதன் போக்கில் குடியிருக்க வேண்டாம். பாலாற்றுப் பக்கம் போனால் குடிக்கத் தண்ணீர் நன்றாக இருக்கும். ஆனால் 2021 நவம்பரில் அந்த ஆறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்களிடம் கேட்காமல், ஆற்றுக்கு மிக அருகில் மனை வாங்காதீர்கள்.

ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போகிறவர்களுக்கு மறைமலை நகரைத்தான் சொல்வேன். துணை நகரமாகத் திட்டமிட்டு உருவாக்கிய இடம் அது. அகலமான தெருக்களும் மரங்களும் வடிகாலும் வீடுகளுக்கு முன்பே யோசிக்கப்பட்டவை. கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் வாடகை இப்போது ஏறுமுகம். 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து தென்மாவட்டக்காரர்களுக்கு அந்தப் பக்கம்தான் வசதி. அந்த வசதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நந்திவரம் ஏரி நிரம்பினால் மகாலட்சுமி நகர் என்ன ஆகிறது என்பதை ஒவ்வொரு பெருமழையிலும் செய்தியில் பார்க்கிறோம். அடையாற்றின் ஒரு கிளை ஆதனூர் ஏரிப் பக்கமிருந்து கிளம்பி முடிச்சூர் நோக்கிப் போகிறது. அங்கே ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவில் இரண்டடி மேடு பள்ளம் இருக்கும். வட்டாரம் நல்லதா என்று யோசிப்பதை விட்டுத் தெருவைப் பாருங்கள். தெருவிலும் அந்த வீட்டு வாசலைப் பாருங்கள். சாலையை மறுபடி மறுபடி உயர்த்திப் போட்டதில் வாசல்படி எத்தனை மிச்சமிருக்கிறது என்று எண்ணுங்கள். மின் மீட்டர் பெட்டி இடுப்புக்குக் கீழே இருந்தால் வேறு வீடு தேடுங்கள்.

கடலோரத்துக்கு வருவோம். இங்கே மழைக்காலம் ஒன்றைக் காட்டும், இன்னொன்றை மறைக்கும். முட்டுக்காட்டிலிருந்து தெற்கே மாமல்லபுரம் வரை, கிழக்கில் கடலும் மேற்கில் பக்கிங்ஹாம் கால்வாயும் உப்பங்கழியும். நடுவில் இருக்கும் மணல் திட்டில், உப்புத் தண்ணீரின்மேல் மழைத் தண்ணீர் மிதந்து நிற்கிறது. நாம் குடிப்பது அந்த மேல் ஏட்டைத்தான். அளவுக்கு மீறி மோட்டார் போட்டு இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறும். ஐப்பசியில் எந்தக் கிணற்றில் மொண்டு குடித்தாலும் இனிக்கும், அதை நம்பிவிடாதீர்கள். குழாய் வாயைப் பாருங்கள், ஹீட்டரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், குளியலறைச் சுவரைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாய்ப் படிந்திருப்பது போன வைகாசியின் உப்பு. சித்திரையில் லாரித் தண்ணீர் வாங்கினீர்களா, மாதம் எத்தனை லோடு என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் ஓடுகிறது, 2024இல் இரண்டாவதும் வந்துவிட்டது. அது பெரும்பாலும் சென்னைக்குப் போகிற தண்ணீர். ஆலைக்குப் பக்கத்து வீடு என்பதற்காக உங்கள் குழாயில் அது வரும் என்று எண்ணாதீர்கள்.

மழைக்காலம் காட்டிக்கொடுப்பது கழிவுநீர்த் தொட்டியை. நிலத்தடி நீர் மேலே வந்ததும் மணலில் பதித்த தொட்டி வடியாது. வீடு பார்க்கப் போகும்போது வெட்கப்படாமல் ஃப்ளஷ் செய்து, தண்ணீர் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று நின்று பாருங்கள். கிணற்றுக்கும் தொட்டிக்கும் எத்தனை அடி என்று காலால் அளந்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் கடல் தெரிகிறது என்று மயங்கி முன்பணம் கொடுத்தவர்கள், தை மாதமே வேறு வீடு தேடிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

அலை ஓசை கேட்கும் தூரத்தில் மனை வாங்க நினைப்பவர்கள் மீனவர்களிடம் பேசுங்கள். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. ஓரிடத்தில் தூண்டில் வளைவு போட்டால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். எனவே தூண்டில் வளைவுக்கு வடக்கே மனை மலிவாகக் கிடைக்கிறது என்றால் காரணம் புரிந்துகொள்ளுங்கள். வாடை வீசும் இந்த மாதங்களில் அலை எதுவரை ஏறுகிறது என்று பௌர்ணமி, அமாவாசை அன்று போய்ப் பாருங்கள். படகை எந்த இடத்துக்கு இழுத்து வைக்கிறார்களோ, அதற்கு மேற்கேதான் குடியிருப்பைப் பற்றி யோசிக்கலாம்.

மாமல்லபுரம் ஊருக்குள் வீடு என்றால் எனக்கு ஆசையும் தயக்கமும் சேர்ந்தே வரும். காலையில் உளி ஓசையோடு எழும் ஊர் வேறெங்கே இருக்கிறது? ஆனால் இப்போது கல்லறுக்கும் இயந்திரத்தின் கீச்சிடலும், காற்றில் மிதக்கும் கல் தூசியும் சேர்ந்துவிட்டன. ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் சிற்பக்கூடத்துக்குக் காற்றடிக்கும் பக்கம் வேண்டாம். ஒத்தவாடைத் தெரு பயணிகளுக்கானது. விடுமுறை நாளில் உங்கள் வாசலில் உங்கள் வண்டியை நிறுத்த முடியாது. மனை வாங்குகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும்: பாதுகாக்கப்பட்ட தொல்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். இந்த ஊரில் எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு தொல்சின்னம் இருக்கிறது. பூஞ்சேரி பக்கம் வந்தால் இந்தக் கவலை குறையும், பேருந்தும் எளிது.

என்னைக் கேட்டால் திருக்கழுக்குன்றம். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, இரு பக்கமும் பதினான்கு பதினைந்து கிலோமீட்டர். இரண்டு ஊரிலும் வேலை பார்க்கும் கணவன் மனைவி இங்கே இருந்தால் யாரும் அதிகம் அலைய வேண்டாம். மலையடிவாரத்துப் பழைய கோயில் தெருக்கள், தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று யோசித்துப் போட்டவை. சங்குதீர்த்தக் குளத்துக்கு இந்த மாதம் ஒரு நடை போய் வாருங்கள். தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் ஊரின் மேடு பள்ளம் பிடிபடும். ரயில் கிடையாது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும், அவசரமென்றால் பெரிய மருத்துவமனைக்குச் செங்கல்பட்டுதான் போக வேண்டும். இவற்றைத் தாங்க முடியுமென்றால் வேறு ஊர் தேடாதீர்கள்.

இனி மார்கழி வேலை. மனை வாங்குகிறவர்கள் பட்டா, வில்லங்கச் சான்று மட்டும் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் அரசின் நில ஆவண இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். பக்கத்துச் சர்வே எண் ஏரி, வாய்க்கால், கழுவெளி என்று இருக்கிறதா? உங்கள் எண் நன்செய்யா, புன்செய்யா? நன்செய் என்றால் ஏரித் தண்ணீர் மதகு வழியே தானாக ஓடிவந்து பாய்ந்த நிலம். அதாவது ஏரியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலம். நான்கு லோடு மண் கொட்டினால் அது மேடாகிவிடாது. உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

வாடகைக்காரர்கள் எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள வாடகைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. பத்து மாதம் கேட்பது நம் பக்கத்து வழக்கம்; பேசிக் குறையுங்கள். கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் யார் செலவு, வீட்டுக்குள் தண்ணீர் வந்து காலி செய்ய நேர்ந்தால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்ற இரண்டையும் அதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற வீட்டுக்காரருக்கு அந்தத் தெருவின் மழை நன்றாகத் தெரியும்.

சிவப்பு எச்சரிக்கை விட்ட நாளில் மட்டும் வீடு பார்க்கப் போகாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077 கைபேசியில் இருக்கட்டும். மற்ற மழை நாட்களுக்கு ஒரு டார்ச், ரப்பர் செருப்பு, பையில் ஒரு சாக்பீஸ் போதும். தண்ணீர் நிற்கும் சுவரில் கோடு போட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் காலை பத்து மணிக்குப் போகும்போது தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நின்றிருந்தால் தரகருக்குப் போன் செய்ய வேண்டாம்.