துரத்தாதீர்கள், கோழி தானே அடைய வரும்

மேயவிட்ட கோழிகள் பொழுது சாய்ந்ததும் கூட்டுக்கு வராமல் முருங்கையில் ஏறிக்கொள்கின்றன. வீட்டார் குச்சியோடு விரட்டுகிறார்கள். அப்படி விரட்டுவதுதான் கோழியைக் காடேற்றுகிறது. மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்தாகவே படும். மனிதரைக் கண்டால் ஓடவேண்டும் என்பதைத்தான் ஒவ்வொரு துரத்தலிலும் நாம் கற்றுக்கொடுக்கிறோம். பசி, பழகிய குரல், இருட்டைப் பற்றிய அச்சம் ஆகிய மூன்றையும் நம் பக்கம் திருப்பிக்கொண்டால் விரட்டவே வேண்டியிருக்காது. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. அதனால் வெளிச்சம் இருக்கும்போதே அது அடைய இடம் தேடும். அந்த இடம் எது என்று அதன் மனதில் பதியவைப்பதே நம் வேலை.

குஞ்சிலேயே தொடங்குவது எளிது. தாயில்லாக் குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் கொடுத்து, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து வாருங்கள். தீனி வைக்கும்போது தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் குருணையோடு பக்கவாட்டிலிருந்து கையை நீட்டுங்கள். தூக்கும்போது அடிவயிற்றைத் தாங்கித் தூக்கி, இறக்கும்போது கால் தரையில் பட்டபின் விடுங்கள். தீனி வைக்கும் ஒவ்வொரு முறையும் ‘பா… பா…’ என்று ஒரே குரல் கொடுங்கள். அந்தக் குரலில் அழைத்து, வந்த கோழியைப் பிடித்து ஊசி போட்டால் பழக்கியது அத்தனையும் வீண். ஊசியோ விற்பனையோ, அடைந்தபின் இருட்டில் மெல்ல எடுப்பதே நல்லது.

வாங்கிவந்த வளர்ந்த கோழி பழகாது என்பார்கள். தாமதமாகுமே தவிர, பழகும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை கூட்டிலேயே அடைத்து, தீனியும் தண்ணீரும் அங்கேயே வையுங்கள். முற்றம் தெரியும்படி ஒரு பக்கம் கம்பிவலை இருக்கட்டும். கோழி ஒன்றுக்கு 20 செ.மீ. இடம் கணக்கிட்டு உள்ளே குறுக்குக் கம்பு கட்டுங்கள். உயரத்தில் அடைவது அதன் இயல்பு. கூட்டில் கம்பு இல்லாவிட்டால் முருங்கைக்குத்தான் போகும். பிறகு ஒருநாள் மாலைத் தீனியை நிறுத்திவைத்து, இருட்ட ஒரு மணி நேரம் இருக்கையில் இரண்டு மூன்றை மட்டும் திறந்துவிடுங்கள். மற்றவை உள்ளே இருப்பதால் இவை தூரம் போகா. அந்தி நெருங்கியதும் குரல் கொடுத்துத் தீனியைக் கூட்டுக்குள்ளேயே போடுங்கள். எல்லாம் ஒழுங்காக அடைந்தால், நாளுக்கு நாள் சற்று முன்னதாகத் திறக்கலாம். பழகியபின்னும் மாலைப் பிடி தானியத்தை நிறுத்தாதீர்கள்.

பருந்தும் நாயும் கொண்டுபோகும் என்பது நியாயமான பயம். குஞ்சுகளைப் பஞ்சாரத்திலேயே வைத்து, பெரியவற்றை ஓடி ஒளியப் புதர்கள் உள்ள இடத்தில் மேயவிட்டால் இழப்பு குறையும், முற்றிலும் நிற்காது. வேலி தாண்டாமலிருக்க இறக்கையை வெட்டுவதை நான் ஏற்கமாட்டேன். நாய் விரட்டினால் தப்பிக்கக் கோழிக்கிருக்கும் ஒரே வழி இறக்கைதான். கண்ட இடத்தில் முட்டையிடும் என்ற குறைக்கு, காலை பத்து மணிக்குமேல் திறந்துவிடுவதும், வைக்கோல் பெட்டியில் பொய்முட்டை ஒன்று வைப்பதும் பெரும்பாலும் போதும். பக்கத்து வீட்டுக் கீரைப்பாத்தியைக் கிளறும் என்ற குறைக்கு மட்டும் பழக்கத்தில் விடை கிடையாது. அங்கே வேலிதான் வேண்டும்; வேலிக்கு வழியில்லை என்றால் மேயவிடக்கூடாது. பல வீட்டுக் கோழிகளோடு கலந்து மேய்வதால் வெள்ளைக்கழிச்சலும் எளிதில் தொற்றும். ஏழாம் நாள் சொட்டு மருந்தில் தொடங்கி, கால்நடை மருத்துவர் சொல்லும் தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள்.

அடைந்தபின் எண்ணிப் பார்த்துக் கதவைத் தாழிடுங்கள். மரநாயும் காட்டுப்பூனையும் பெரும்பாலும் இரவில்தான் வரும்.