பக் நாய்க்கு நம் ஊர் வெயில் ஆகுமா?

கேள்வி: பெரம்பலூரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், தங்கள் பக் நாயை இனி வைத்துக்கொள்ள முடியாது, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். மூன்று வயதுப் பெண் நாய். எங்கள் பக்கம் 'ஹட்ச் நாய்' என்பார்களே, அதுதான். என் மகளுக்கு அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆனால் அக்கம்பக்கத்தார், "அது குளிர்தேசத்து நாய், ஏசி இல்லாத வீட்டில் பிழைக்காது, முடியை ஒட்ட வெட்டினால்தான் தாங்கும்" என்கிறார்கள். இது உண்மையா? உண்மையென்றால் எதனால்? நாங்கள் எடுத்து வளர்க்கலாமா?
— வாசகி ஒருவர், செந்துறை, அரியலூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

'எடுக்கலாமா' என்பதோடு நிறுத்தாமல் 'எதனால்' என்றும் கேட்டிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. காரணம் புரிந்துவிட்டால், இந்த நாயை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் பாதி உங்களுக்கே விளங்கிவிடும்.

முதலில் அக்கம்பக்கத்தார் சொன்னதைப் பார்ப்போம். பக்கின் பூர்வீகம் சீனா. அங்கே அரண்மனைகளில் மடியில் வைத்துக் கொஞ்சிய செல்ல நாய் அது. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. சைபீரியன் ஹஸ்கியைப் போலப் பனியில் வண்டி இழுத்த இனம் அல்ல. உடம்பில் அடர்ந்த நீள முடியும் கிடையாது. அந்தக் குட்டை முடியையும் மழித்தால் வெயில் நேராகத் தோலில் படும், தோல் புண்ணாகும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, பாதத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். ஆகவே முடியை எடுத்தாலும் வியர்வையால் குளிர்ச்சி கிடைக்கப் போவதில்லை. நம் வெயில் அதற்கு ஆகாது என்பதில் உண்மை உண்டு. ஆனால் காரணம் முடியிலும் இல்லை, பிறந்த தேசத்திலும் இல்லை. அதன் முகத்தில் இருக்கிறது.

நாய் எப்படித் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது? நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. வேகமாக உள்ளே போய் வெளியே வரும் காற்று நாக்கிலும் வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்குகிறது. ஈரம் ஆவியாகும்போது அங்கே ஓடும் இரத்தம் குளிர்கிறது. மூக்குக்குள் சுருள் சுருளாக மெல்லிய எலும்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு டர்பினேட் என்று பெயர். ஈரமான சவ்வு போர்த்திய இந்தச் சுருள்களில் காற்று உரசிப் போவதால் மூக்கு ஒரு நல்ல குளிர்விப்பானாக வேலை செய்கிறது. நம் சிப்பிப்பாறை நாயின் முகத்தை நினைத்துப் பாருங்கள். அந்த நீண்ட மூக்குக்குள் இதற்கெல்லாம் தாராளமாக இடம் இருக்கிறது.

பக்கை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தட்டை முகத்துக்காகவே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார்கள். இத்தகைய இனங்களைப் 'பிராக்கிசெஃபாலிக்' என்பார்கள், குட்டை மண்டை கொண்டவை என்று பொருள். மண்டை எலும்பு குறுகியது. ஆனால் உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குக் குறுகவில்லை. பெரிய வீட்டுச் சாமானையெல்லாம் ஒற்றை அறையில் அடைத்ததுபோல் ஆகிவிட்டது. மூக்குத் துவாரம் வெறும் கீற்றாக ஒடுங்கிவிட்டது. டர்பினேட் சுருள்கள் நெருக்கியடித்துக் காற்றின் வழியை மறிக்கின்றன. மேல்வாயின் பின்பக்கம் தொங்கும் மென்மையான சதை, அதாவது மென்னண்ணம், நீளமாகிக் குரல்வளைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இவற்றால் வரும் மூச்சுத் தடையை மருத்துவர்கள் சுருக்கமாக 'போவாஸ்' என்பார்கள். குட்டை மண்டையால் வரும் மூச்சுவழி அடைப்பு நோய் அது.

இனி வெயில். நாயின் இயல்பான உடல் சூடு ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் வரை உடம்பின் சூட்டில் ஒரு பகுதி தானாகவே காற்றுக்குப் போய்விடும். சித்திரை, வைகாசியில் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அப்போது அந்த வழி அடைபட்டு, ஈரம் ஆவியாவது ஒன்றுதான் மிஞ்சுகிறது. பக்குக்குப் பழுதாக இருப்பதும் அந்த ஒரே வழிதான். ஒடுங்கிய பாதையில் காற்றை இழுக்க அது நெஞ்சுத் தசைகளை வருத்தி இரைக்கிறது. அந்த உழைப்பே புதிதாகச் சூட்டை உண்டாக்குகிறது. வேகமான காற்று தொண்டைச் சதையில் மோதி அதை வீங்கச் செய்கிறது, பாதை மேலும் ஒடுங்குகிறது. சூடு 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கிவிடும். இந்தச் சுழல் தொடங்கினால் நிலைமை சில நிமிடங்களிலேயே கைமீறலாம்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடுகிறேன். பக் குறட்டை விடுவதும் கொர்கொர் என்று மூச்சு விடுவதும் அந்த ஜாதியின் அழகு என்று பலரும் ரசிக்கிறார்கள். அது மூச்சு தடைபடும் சத்தம். பிரிட்டனில் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மற்ற நாய்களோடு ஒப்பிடும்போது பக்குக்கு இந்த மூச்சுவழி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 54 மடங்கு, கண்ணில் கருவிழிப் புண் வரும் வாய்ப்பு 13 மடங்கு என்று அதில் கண்டார்கள். உடல்நலத்தைப் பொறுத்தவரை பக்கை இனி வழக்கமான நாயாகக் கருத முடியாது என்றும் அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2024இல் தமிழ்நாடு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை ஆவணத்தில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களின் வரிசையில் பக்கும் இருந்தது.

அப்படியானால் இத்தனை பக்குகள் இங்கே எப்படி வந்தன? 2003இல் ஹட்ச் செல்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் பின்தொடர்ந்தது. பின்னால் ஹட்ச், வோடஃபோன் ஆனபோதும் பக் விளம்பரத்தில் தொடர்ந்தது. நாடு முழுக்க எல்லோரும் அதைக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் குட்டி போட வைத்து விற்றார்கள். வாங்கியவர்களுக்கு மூச்சுத்திணறலும் தோல் நோயும் கண் புண்ணும் மருத்துவச் செலவும் பிறகுதான் தெரியவந்தன. வீட்டுக்கு வெளியே விடப்படும் பக்குகளில் பல இந்தக் காரணத்தால் விடப்படுபவை. நாய் கெட்டது என்பதால் யாரும் விடுவதில்லை. குட்டி ஈன்று ஓய்ந்த பெண் நாய்களும் இப்படி விடப்படுகின்றன. குட்டிகளின் தலை பெரிதாக இருப்பதால் பக்குக்குப் பிரசவம் கடினம், அறுவை சிகிச்சை வரை போவதும் உண்டு. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகள், 18 மாதம் ஆகாத பெண் நாயைக் குட்டி போட வைக்கக் கூடாது, ஆண்டுக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்கின்றன. வளர்த்த விலங்கைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உங்களுக்குத் தெரிந்த அந்தக் குடும்பம் தெருவில் விடாமல் ஆள் தேடுகிறது. அது சரியான செயல்; அவர்களைக் குறை சொல்லாமல் பேசுங்கள், அப்போதுதான் நாயைப் பற்றிய உண்மை முழுவதும் உங்களுக்குக் கிடைக்கும்.

நீங்கள் எடுக்கலாமா? இரண்டு மாதம் தற்காலிகப் பராமரிப்பாக முதலில் எடுங்கள் என்பது என் யோசனை. இதை ஃபாஸ்டர் என்பார்கள். நாய் உங்கள் வீட்டில் இருக்கும், ஆனால் இறுதி முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்று இரு தரப்புக்கும் தெரியும். ஒத்துவந்தால் தத்தெடுங்கள். ஒத்துவராவிட்டால், நாயின் குணத்தையும் நோயையும் நேரில் அறிந்தவராக, அதற்குப் பொருத்தமான வேறு வீட்டை நீங்களே தேடிக்கொடுக்க முடியும். குழந்தை அழுகிறதே என்று ஒரே நாளில் முடிவெடுத்து, ஆறு மாதத்தில் மறுபடியும் கை மாற்றுவதுதான் நாய்க்குப் பெரிய கொடுமை.

வாங்கும்போது தடுப்பூசி அட்டை, இதுவரை எடுத்த சிகிச்சைச் சீட்டுகள், எத்தனை முறை குட்டி போட்டது என்ற விவரம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். நாயை மனமொப்பித் தருகிறோம் என்று ஒரு தாளில் எழுதி வாங்குவது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும். அதிகாலையில் போய் அழைத்து வாருங்கள், நடுப்பகல் பேருந்துப் பயணம் வேண்டவே வேண்டாம்.

வந்த வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குத் துவாரம், தொண்டை, கண், முக மடிப்புத் தோல், எடை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணி இருக்கிறதா, உண்ணியால் பரவும் காய்ச்சல் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். மூச்சுத் தடை அதிகமென்றால் துவாரத்தை விரித்து, நீண்ட மென்னண்ணத்தைக் குறைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. இதற்கும், கருத்தடைக்கும், தட்டை முக நாய்களுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர்களிடம் போவது நல்லது. உங்கள் பக்கத்திலிருந்து ஒரத்தநாடு, நாமக்கல் இரண்டு ஊர்களிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த நாயைக் குட்டிக்காகக் கேட்டு யாரும் வராமல் இருக்க அதுவே வழி.

வீட்டில் ஏசி இல்லை என்பது தடையல்ல. காற்று குறுக்கே ஓடும், வெயில் நேராக விழாத ஓர் அறை வேண்டும். சிமென்ட் தரையும் மின்விசிறியும் எந்நேரமும் குடிநீரும் போதும். ஏர் கூலர் வைத்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூடிய அறையில் கூலர் ஈரத்தைக் கூட்டிவிடும், ஈரக் காற்றில் நாயின் இரைப்புக்குப் பலன் குறையும். ஆனால் வீடே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பகலில் ஒதுங்க வேறு குளிர்ந்த இடமில்லை என்றால், இந்த நாயை எடுக்காதீர்கள். நடைப்பயிற்சி விடியற்காலையிலும், தார்ச்சாலை ஆறிய பின் இரவிலும் இருக்கட்டும். கழுத்துப் பட்டையில் இழுக்காமல் மார்புப் பட்டை போடுங்கள். பக்கின் கண்குழி ஆழமில்லாதது, கழுத்தை இறுக்கினால் கண் பிதுங்கும் ஆபத்தும் உண்டு.

உங்கள் மாவட்டத்துக்கென்றே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று புழுதி. சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் லாரிகளும் ஓடும் சாலையோரத்தில் நடத்திச் செல்லாதீர்கள். துருத்திய கண்ணில் தூசி விழுந்தால் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். கண்ணைச் சுருக்கினாலோ நீர் வடிந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். முக மடிப்புகளைத் தினமும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மற்றொன்று வெங்காயம். பெரம்பலூர் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன பூமி, அதனால் சாம்பார் சாதம் நாய்க்கும் போவது வழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையில் கொண்டுபோய் விடும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. நாய்க்குத் தனியாக ஆக்கிப் போடுங்கள். பக்குக்கு உரிய எடை 6 முதல் 8 கிலோ. விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். ஏறும் ஒவ்வொரு கிலோவும் கழுத்திலும் சேர்ந்து, இருக்கும் மூச்சுவழியையும் நெருக்கும்.

இரைப்பு அடங்காமல், நாக்கு கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மாறி, நாய் தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குத் தூக்கிப் போய், குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, விசிறியைத் திருப்பிவிடுங்கள். வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், அது சூட்டைச் சிறைவைக்கும். முதலில் குளிரச் செய்யுங்கள், பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள். இந்த வரிசையை வீட்டில் உள்ள எல்லோருக்கும், குறிப்பாக உங்கள் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஆகவே என் பதில்: பகலில் குளிர்ந்த ஓர் அறையும், மருத்துவச் செலவுக்கு மாதாமாதம் ஒதுக்கிய கொஞ்சம் பணமும், பகலில் கவனிக்க ஓர் ஆளும் உங்களிடம் இருந்தால் தாராளமாக எடுங்கள். ஏற்கெனவே பிறந்துவிட்ட இந்த நாய்க்கு ஒரு நல்ல வீடு தேவை. அதைப் பார்த்துவிட்டு, "குட்டி எங்கே விலைக்குக் கிடைக்கும்?" என்று யாராவது உங்களைக் கேட்டால், வாங்க வேண்டாம் என்று சொல்லி, எதனால் என்றும் விளக்குங்கள். வாங்குவோர் குறைந்தால் இப்படி மூச்சுக்குத் திணறப் பிறக்கும் குட்டிகளும் குறையும்.