விட்டதைப் பிடிக்கப் போகாதே

அச்சரப்பாக்கம்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. போக்கரில் நீ தொடர்ந்து பணம் விட்டதை அக்கா போனில் சொல்லி அழுதுவிட்டது. உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. "இந்த மாசம் நேரம் சரியில்லை, ஒரு நல்ல கை வந்தால் எல்லாம் திரும்பிடும்" என்றாயாமே, அந்தப் பேச்சுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து 100 தடவை சுண்டிப் பார். பூவா தலையா என்று தாளில் வரிசையாக எழுதிக்கொண்டே வா. எங்காவது ஓரிடத்தில் ஐந்து பூவோ ஐந்து தலையோ சேர்ந்தாற்போல் விழுந்திருக்கும். விழாமல் போவது அபூர்வம். அதில் யாருடைய கெட்ட நேரமும் இல்லை. ஐந்து தலை விழுந்துவிட்டதே என்று ஆறாவது தடவை பூவுக்குக் கூடுதல் வாய்ப்பும் வராது. கலைத்துப் போட்ட 52 சீட்டுக்கும் அதே கணக்குதான். நேற்று நீ தோற்றது சீட்டுக்குத் தெரியாது.

"திறமை ஆட்டம்னு ஹைகோர்ட்டே சொல்லியிருக்கு" என்பாய். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் கையில் இரண்டு ஏஸ் வைத்திருப்பவன்கூட, அதைவிடச் சின்ன ஜோடி வைத்திருப்பவனிடம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை தோற்கிறான். நன்றாக ஆடியும் தோற்கிற நாள் எல்லாருக்கும் உண்டு. யார் ஜெயித்தாலும் நடத்துகிறவனுக்குக் கமிஷன் போய்க்கொண்டே இருக்கும்.

தோற்ற சூட்டில் பந்தயத்தை ஏற்றும்போதுதான் ஆள் முழுகிப்போகிறான். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவன் நீ. தோற்கத் தோற்கத் தருமர் நாட்டை வைத்தார், தம்பிகளை வைத்தார், தன்னையே வைத்தார், கடைசியில் பாஞ்சாலியையும் வைத்தார். அத்தனை படித்தவருக்கு, போதும் என்று எழுந்திருக்கத் தோன்றவில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தபோது, இனி நீ தப்பித்தாய் என்று நினைத்தேன். இப்போது யாரோ வெளிநாட்டு சைட் ஒன்றைக் காட்டுகிறானாம். அங்கே பணம் போனால் ஏன் என்று கேட்க நாதி கிடையாது. அவன் நம்பரை இன்றைக்கே பிளாக் செய். ஆப்பை அழித்துவிடு.

லோன் ஆப்பில் வாங்கியது, நண்பர்களிடம் வாங்கியது எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. எதை முதலில் அடைப்பது, சம்பளத்தில் மாதம் எவ்வளவு ஒதுக்குவது என்று உட்கார்ந்து பார்ப்போம். ஆட்டத்தில் விட்ட பணம் போனது போனதுதான், உழைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

ராத்திரியில் கை பரபரக்கும், தூக்கம் வராது. எத்தனை மணியானாலும் எனக்குப் போன் செய். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் பேசு. டெலி மானஸ் என்று அரசு நடத்தும் மனநல உதவி எண்; 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அக்காவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ தைரியமாக வா.

அன்புடன்,
மாமா