ஸ்னேருக்கு ஒரு துண்டு

வீட்டு ஸ்டுடியோவில் பதிவு செய்கிறேன். பீட்டில்ஸின் கடைசிக்கால ஆல்பங்களில் கேட்கும் அந்தத் தடித்த ஸ்னேர் ஒலி வரவே மாட்டேன் என்கிறது. பழைய டிரம் வாங்கினால்தான் சரிப்படுமா?

வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். சமையலறையிலிருந்து பாத்திரம் துடைக்கும் துண்டு ஒன்றை எடுத்து வாருங்கள். ரிங்கோ ஸ்டார் 1969-இல் டிரம்களின் மேல் துண்டு போர்த்தித்தான் வாசித்தார். ‘கெட் பேக்’ ஆவணப்படத்திலேயே பார்க்கலாம். துண்டு அதிர்வைச் சட்டென்று அடக்கும். ‘கணீர்’ போய் ‘தொப்’ மிஞ்சும். மேல் தோலைச் சுருக்கம் விழாத அளவுக்குத் தளர்த்துங்கள். ஒலி ரொம்பச் செத்துப்போனால் பாதியை மட்டும் மூடுங்கள். மெம்ஃபிஸ் டிரம்மர் அல் ஜாக்சன் ஜூனியர் தன் பர்ஸையே ஸ்னேர் மேல் வைத்தவர் (காலிப் பர்ஸ் அவ்வளவாக உதவாது!). கம்ப்ரஸரைக் கடைசியில் தொடுங்கள். அதற்கு முன், ஓங்கி அடிக்காமல் நிதானமாக அடித்துப் பாருங்கள்.